ஏரிக்கரை ஊரும் செப்பெலின் பிரபுவும்

ஜெர்மனி நாட்டின் தென்கோடியில், ஆல்ப்ஸ் மலைத்தொடருக்கு வடக்கே ஒரு பெரிய ஏரி உள்ளது. ஜெர்மானியர் அதனைப் போடன்சே என்பர். ஆங்கில நூல்களில் கான்ஸ்டன்ஸ் ஏரி என்ற பெயரில் காணலாம். அதன் நீளம் 63 கிலோமீட்டர். பரப்பு 536 சதுர கிலோமீட்டர். ரைன் ஆறு ஒரு புறம் உள்ளே நுழைந்து மறுபுறம் வெளியேறுகிறது. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா ஆகிய மூன்று நாடுகள் அதன் கரையைப் பங்கிட்டுக்கொண்டுள்ளன. ஏரியின் வடகரையில் இருப்பது பிரீட்ரிக்ஷாபன் என்னும் சிறு நகரம். அங்கே வாழ்வோர் ஏறத்தாழ 60,000 பேர்.

இவ்வளவு சிறிய ஊரில் உலகப் புகழ்பெற்ற தொழிற்சாலைகள் இருக்கின்றன. கார்களுக்கும் லாரிகளுக்கும் வேண்டிய பற்சக்கரப் பெட்டிகளைச் செய்யும் 'இசட்.எப்.' நிறுவனம் அவற்றுள் தலையாயது. இந்நிறுவனத்துக்கு முதலாளி என்று எந்தக் குடும்பமும் இல்லை. அதன் பங்குகளில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்றுக்கும் மேற்பட்டவை ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தம். அவ்வறக்கட்டளையை நடத்துவது ஊர் நகராட்சி. தொழிற்சாலை தரும் இலாபப் பங்கு குழந்தைகள் பள்ளிக்கும் முதியோர் நலத்துக்கும் கலைக்கும் கல்விக்கும் செலவிடப்படுகிறது.

ஒரு நகராட்சிக்கு இவ்வளவு பெரிய சொத்து எப்படி வந்தது? போரில் வென்றும் வரவில்லை. விலை கொடுத்தும் வாங்கவில்லை. ஆகாயத்தில் கப்பல் விட வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரு கிழவரின் தோல்வியிலிருந்து வந்தது. அவர்தாம் பெர்டினாண்ட் பான் செப்பெலின் பிரபு. அவருடைய வாழ்க்கையைச் சொன்னால் அவ்வூரின் பொருளாதார வரலாற்றையும் சொன்னதாகும்.

ஊரின் பழைய நிலை

பழங்காலத்தில் அவ்விடத்தில் பூக்கோர்ன் என்றொரு சிறு சுதந்திர நகரமும், அதன் அருகே ஹோபன் என்றொரு மடமும் இருந்தன. நெப்போலியன் காலத்துக் குழப்பத்தில் இரண்டும் வூர்ட்டம்பர்க் நாட்டின் கைக்கு வந்தன. அந்நாட்டு மன்னர் முதலாம் பிரீட்ரிக் 1811-இல் இரண்டையும் இணைத்துத் தம் பெயரை இட்டார். 'ஹாபன்' என்றால் துறைமுகம். பிரீட்ரிக்கின் துறைமுகம் என்பதே ஊர்ப் பெயரின் பொருள். மடம் அரச குடும்பத்தாரின் கோடை மாளிகையாயிற்று.

ஏரியைக் கடந்து சுவிட்சர்லாந்துக்குச் செல்லும் வாணிகமே ஊரின் பிழைப்பு. 1824-இல் 'வில்ஹெல்ம்' என்ற நீராவிப் படகு இங்கிருந்து ஓடத் தொடங்கியது. 1847-இல் இரயில் பாதை வந்தது. 1850-இல் தலைநகரான ஸ்டுட்கார்ட்டுடன் இணைந்தது. 1869 முதல் சரக்கு வண்டிகளை அப்படியே ஏற்றி எதிர்க்கரைக்குக் கொண்டுபோகும் பெரும்படகும் ஓடியது. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை அது மீனவர்களும் தோட்டக்காரர்களும் வணிகரும் வாழ்ந்த அமைதியான துறைமுகமே. பெருந்தொழில் என்று சொல்லத்தக்கது அங்கே குறைவு.

பிறப்பும் கல்வியும்

அதே ஏரியின் மற்றொரு கரையில் உள்ள கான்ஸ்டன்ஸ் நகரில் 1838 ஜூலை 8-ஆம் நாள் செப்பெலின் பிறந்தார். தந்தை வழியில் அரசவைக் குடும்பம். தாய் வழியில் தொழில் குடும்பம். தாயாரின் முன்னோர் பழைய மடம் ஒன்றில் பருத்தித் துணிக்குச் சாயமிட்டு அச்சிடும் ஆலை நடத்தியவர்கள். அத்துணிக்கு ஐரோப்பாவில் 'இந்தியென்' என்று பெயர். நம் நாட்டுச் சாயத்துணிகளைப் பார்த்து அங்கே செய்யப்பட்டதால் வந்த பெயர் அது. படைவீரரின் பிடிவாதமும் தொழிலாளியின் கைத்திறன் மீதான மதிப்பும் அவரிடம் ஒருங்கே இருந்ததற்கு இந்த இரு வழிகளும் காரணமாகலாம்.

சிறுவயதில் வீட்டிலேயே ஆசிரியர்கள் பாடம் சொல்லிக் கொடுத்தனர். பின்னர் ஸ்டுட்கார்ட் தொழிற்கல்லூரியில் சில காலம் பயின்று, 1855-இல் லுட்விக்ஸ்பர்க் படைப்பள்ளியில் சேர்ந்தார். 1858-இல் லெப்டினன்ட் ஆனார். அதன்பின் விடுப்பு எடுத்துக்கொண்டு ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல், வேதியியல் முதலிய பாடங்களைக் கேட்டார். குதிரைப்படை அதிகாரி ஒருவர் அறிவியல் வகுப்பில் போய் உட்கார்வது அக்காலத்தில் அரிதான செயல். ஆனால் அவர் பட்டம் பெறும் அளவுக்குப் படிக்கவில்லை. பிற்காலத்தில் பொறியியல் அறிஞர்கள் அவரை ஒரு பொருட்டாக மதிக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

அமெரிக்காவில் ஏறிய பலூன்

1863-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. போரைப் பார்வையிட விரும்பிய செப்பெலின் அங்கே சென்றார். லிங்கனைச் சந்தித்து அனுமதியும் பெற்றார். வட மாநிலங்களின் படையோடு சிலகாலம் திரிந்தபின், பேரேரிகளின் வழியாக மேற்கே பயணம் செய்தார். ஆகஸ்ட் மாதம் மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் ஸ்டைனர் என்ற பலூன்காரரைக் கண்டார். அவருடைய பலூனில் ஏறி வானத்திலிருந்து நிலத்தைப் பார்த்தார். அப்போது அவருக்கு வயது 25.

1870-71-இல் பிரான்சுடன் நடந்த போரில், முற்றுகையிடப்பட்ட பாரிஸ் நகரிலிருந்து பிரெஞ்சுக்காரர் பலூன்களில் கடிதங்களையும் ஆட்களையும் அனுப்பினர். அவை காற்று அடித்த திசையில்தான் போக முடிந்தது. சில பகைவர் கையிலேயே போய் விழுந்தன. பலூனுக்குச் சுக்கான் வேண்டும் என்ற எண்ணம் செப்பெலின் மனத்தில் வேரூன்றியது. 1874-இல் தம் நாட்குறிப்பில், பல அறைகளில் வாயு நிரப்பிய ஒரு பெரிய ஆகாயக் கப்பலைப் பற்றிக் குறித்துவைத்தார். அக்குறிப்புக்கும் முதற்கப்பல் பறந்ததற்கும் இடையே 26 ஆண்டுகள் ஓடின.

ஐம்பத்திரண்டாம் வயதில்

இந்த இடைக்காலத்தில் அவர் படையில் உயர்ந்தார். வூர்ட்டம்பர்க் அரசின் தூதராகப் பெர்லினிலும் பணியாற்றினார். ஆனால் தம் நாட்டுப் படைகளைப் பிரஷ்யா அடக்கி ஆள்வதைக் குறித்து அவர் எழுதிய குறிப்பு பெர்லினில் மனக்கசப்பை உண்டாக்கியது. 1890-ஆம் ஆண்டுப் படைப்பயிற்சியில் அவருடைய தலைமை சரியில்லை என்று தீர்ப்பாயிற்று. லெப்டினன்ட் ஜெனரல் என்ற பதவியோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். வாழ்நாள் முழுவதும் சீருடை அணிந்த ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய தலைகுனிவு என்பதை விளக்க வேண்டியதில்லை.

பலர் இத்தகைய நிலையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பழங்கதை பேசுவர். செப்பெலின் தம் நாட்குறிப்பைத் தூசு தட்டி எடுத்தார். கோபர் என்ற பொறியாளரை அமர்த்திக்கொண்டு ஆகாயக் கப்பலுக்கு வரைபடம் போடத் தொடங்கினார். 1894-இல் இயற்பியல் மேதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் முதலியோர் இடம்பெற்ற அறிஞர் குழு அத்திட்டத்தை ஆராய்ந்து ஏற்க மறுத்தது. குழு சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. எஞ்சின் வலுவும் சட்டத்தின் உறுதியும் போதா என்பது முதற்கப்பல் பறந்தபோது தெரிந்துவிட்டது. எனினும் குறையைத் திருத்தலாமே தவிரக் கருத்தைக் கைவிடலாகாது என்பது செப்பெலினின் முடிவு. 1895-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஜெர்மன் பொறியாளர் சங்கம் அவருக்கு ஆதரவளித்தது. 1898-இல் எட்டு இலட்சம் மார்க் முதலீட்டில் ஒரு கம்பெனி தொடங்கப்பட்டது. அதில் பாதிக்கு மேல் பிரபுவின் சொந்தப் பணம்.

மிதக்கும் கொட்டகை

அவருடைய கருத்தின் சிறப்பை இயற்பியல் மாணவர் எளிதில் உணரலாம். சாதாரண பலூனின் உருவம் உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தத்தால் நிற்பது. வாயு குறைந்தால் துணி சுருங்கிவிடும். செப்பெலின் முதலில் அலுமினியத்தால் ஒரு நீண்ட கூடு செய்தார். அதன்மேல் துணி போர்த்தினார். உள்ளே தனித்தனியாக 17 வாயுப் பைகளை வைத்தார். ஒரு பை கிழிந்தாலும் மற்றவை தாங்கும். கூடு உறுதியாக இருப்பதால் எஞ்சினையும் சுக்கானையும் அதில் பொருத்தலாம்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் ஏறத்தாழ 1.1 கிலோகிராம் எடையைத் தூக்கும். முதற்கப்பலில் அடைத்த வாயு 11,300 கன மீட்டர். ஆகவே மொத்தத் தூக்கு விசை ஏறக்குறைய 12 டன். இந்த 12 டன்னுக்குள் 128 மீட்டர் நீளமுள்ள சட்டம், துணி, இரண்டு எஞ்சின், எண்ணெய், ஆட்கள் எல்லாம் அடங்க வேண்டும். அலுமினியம் அப்போதுதான் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியிருந்தது. கார்ல் பெர்க் என்ற ஆலை முதலாளி அலுமினியச் சட்டங்களை வழங்கினார். டெய்ம்லர் எஞ்சின்கள் ஒவ்வொன்றும் 14 குதிரைத்திறன் கொண்டவை. இரண்டும் சேர்ந்தாலும் இன்றைய சிறு காரின் எஞ்சினுக்கு ஈடாகா.

இவ்வளவு நீளமான கப்பலைக் கொட்டகையிலிருந்து எப்படி வெளியே எடுப்பது? பக்கவாட்டில் காற்று அடித்தால் சுவரில் மோதி உடைந்துவிடும். இங்கேதான் ஏரி உதவிக்கு வந்தது. பிரீட்ரிக்ஷாபனுக்கு அருகே மன்ட்செல் என்ற விரிகுடாவில் தண்ணீரின்மேல் மிதக்கும் மரக்கொட்டகை ஒன்றைக் கட்டினார். நங்கூரமிட்ட கொட்டகை காற்றின் திசைக்கு ஏற்பத் தானே திரும்பும். கப்பலும் காற்றுக்கு நேராகவே வெளிவரும். தவறி இறங்கினாலும் நிலத்தைவிடத் தண்ணீர் மென்மையானது. பிரீட்ரிக்ஷாபன் தொழில் நகரமாவதற்கு முதற்காரணம் நிலக்கரியும் அன்று, இரும்பும் அன்று. இந்த விரிந்த நீர்ப்பரப்பே.

1900 ஜூலை 2-ஆம் நாள் மாலை கரையெங்கும் மக்கள் கூடியிருக்க, கப்பல் ஐந்து பேருடன் எழுந்தது. ஏறத்தாழ 18 நிமிடம் பறந்தது. சமநிலைக்காக முன்னும் பின்னும் நகர்த்தும் எடையின் கருவி பழுதடைந்ததால் ஏரியிலேயே இறங்கிற்று. அக்டோபரில் மேலும் இருமுறை பறந்தது. அதற்குள் கையிருப்பு தீர்ந்துவிட்டது. கம்பெனியைக் கலைத்தனர், கப்பலைப் பிரித்து விற்றனர். தொழிலாளர் கலைந்தனர். லுட்விக் டூர் என்ற இளம் பொறியாளர் போன்ற மிகச் சிலரே பிரபுவுடன் நின்றனர்.

அவரை ஏரிக்கரைக் கிறுக்கர் என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. அவரோ குடும்பச் சொத்தை அடகு வைத்தார். மன்னரின் அனுமதியுடன் பரிசுச்சீட்டு நடத்திப் பணம் திரட்டினார். இரண்டாம் கப்பல் 1906 ஜனவரி 17-இல் பறந்து, எஞ்சின் நின்றுபோய்க் கிஸ்லெக் என்ற ஊருக்கு அருகே இறங்கியது. அன்றிரவுப் புயலில் சிதைந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மூன்றாம் கப்பல் குறையின்றிப் பறந்தது. அதன்பின்தான் அரசாங்கம் கண் திறந்தது. தொடர்ந்து 24 மணி நேரம் பறந்து காட்டினால் கப்பலை வாங்கிக்கொள்வதாக வாக்களித்தது.

எக்டர்டிங்கனில் எரிந்த கப்பல்

1908 ஆகஸ்ட் 4-ஆம் நாள் காலை நான்காம் கப்பல் அந்தச் சோதனைப் பயணத்தைத் தொடங்கியது. பிரபுவுக்கு எழுபது வயது நிறைந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கப்பல் பேசல், ஸ்ட்ராஸ்பர்க் வழியாக ரைன் ஆற்றைப் பின்பற்றி மைன்ஸ் நகரம் நோக்கிச் சென்றது. வழியெங்கும் மக்கள் வீதியில் திரண்டு கையசைத்தனர். எஞ்சின் கோளாறால் மாலையில் ஆற்றங்கரையில் இறங்கி, இரவில் மீண்டும் எழுந்தது. மறுநாள் காலை ஸ்டுட்கார்ட்டுக்கு அருகே எக்டர்டிங்கன் என்ற கிராமத்து வயலில் பழுது பார்க்க இறக்கினர். செய்தி பரவிப் பல்லாயிரவர் கூடினர்.

பிற்பகலில் திடீரென்று வீசிய சூறைக்காற்று கப்பலைக் கட்டறுத்துக்கொண்டு கிளப்பியது. சற்றுத் தொலைவில் மரங்களில் மோதித் தீப்பற்றியது. ரப்பர் பூசிய துணி கிழியும்போது எழுந்த நிலைமின்சாரப் பொறியே ஹைட்ரஜனைப் பற்றவைத்தது என்று பின்னர் கருதினர். சில நிமிடங்களில் வளைந்து கருகிய அலுமினியக் கம்பிகளே மிஞ்சின. ஊர் விடுதியில் இருந்த பிரபு ஓடிவந்து பார்த்தார். சொந்தப் பணமும் குடும்பச் சொத்தும் பதினெட்டு ஆண்டு உழைப்பும் அந்த வயலில் சாம்பலாகிக் கிடந்தன.

அதன்பின் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. கூடியிருந்த மக்களிடையே அங்கேயே பண வசூல் தொடங்கியது. தந்தி மூலம் செய்தி பரவ, நாடு முழுவதிலுமிருந்து பணம் குவிந்தது. செல்வர் ஆயிரமாக அனுப்பினர். பள்ளிப் பிள்ளைகள் கைக்காசை அனுப்பினர். சங்கங்களும் தொழிலாளரும் திரட்டி அனுப்பினர். ஒரே நாளில் புதுக்கப்பலுக்கு வேண்டிய தொகை சேர்ந்ததாம். மொத்த நன்கொடை 60 இலட்சம் மார்க்கைத் தாண்டியது. முதல் கம்பெனியின் முதலீட்டைப்போல் ஏழு மடங்குக்கு மேல் என்றால் அதன் அளவு விளங்கும். பேரரசரும் மனம் மாறி அவ்வாண்டு நவம்பரில் உயரிய விருதை அணிவித்தார்.

பத்திரத்தில் எழுதிய ஒரு விதி

பிரபுவின் வாழ்க்கையில் மிகச் சிறந்த செயல் எது என்று என்னைக் கேட்டால், வானத்தில் பறந்ததைச் சொல்ல மாட்டேன். இந்தப் பணத்தை அவர் என்ன செய்தார் என்பதையே சொல்வேன். நன்கொடை அவர் பெயருக்கு வந்தது. அடகு வைத்த சொத்தை மீட்டு, மிச்சத்தைக் குடும்பத்துக்கு வைத்திருந்தாலும் கேட்பார் இல்லை. அவர் 1908 செப்டம்பரில் ஆகாயக் கப்பல் கட்டும் கம்பெனியை நிறுவினார். ஆண்டின் இறுதியில் செப்பெலின் அறக்கட்டளையை ஏற்படுத்தி, கம்பெனியை அதன் உடைமையாக்கினார். பணம் மக்களுடையது, தாம் அதைக் காப்பவர் மட்டுமே என்பது அதன் பொருள்.

அறக்கட்டளைப் பத்திரத்தில் மற்றொரு விதியையும் சேர்த்தார். ஆகாயக் கப்பல் கட்டும் நோக்கம் நிறைவேற முடியாமற் போனால், சொத்து முழுவதும் பிரீட்ரிக்ஷாபன் நகரத்துக்குச் சேர வேண்டும். நகரம் அதனைப் பொது நன்மைக்குச் செலவிட வேண்டும். புகழின் உச்சியில் இருந்த நாளிலேயே தம் கனவு தோற்கக்கூடும் என்று எண்ணி, தோற்றாலும் யாருக்குப் பயன்பட வேண்டும் என்று எழுதிவைத்தார் அந்த முதியவர்.

ஊர் வளர்ந்த கதை

ஆகாயக் கப்பல் ஒன்று நூறு தொழில்களைக் கேட்டது. இலேசான, வலுவான எஞ்சின் வேண்டியிருந்தது. டெய்ம்லர் எஞ்சினை வடிவமைத்த வில்ஹெல்ம் மேபாக்கும் அவர் மகன் கார்லும் அதற்கென 1909-இல் ஒரு கம்பெனி தொடங்கினர். 1912-இல் அது பிரீட்ரிக்ஷாபனுக்கு இடம்பெயர்ந்தது. எஞ்சினின் விசையை விசிறிக்குக் கொண்டுபோகத் துல்லியமான பற்சக்கரங்கள் வேண்டியிருந்தன. சுவிட்சர்லாந்துத் தொழில் நுணுக்கத்தைக் கொண்டு 1915-இல் பற்சக்கர ஆலை பிறந்தது. அதுவே இன்றைய இசட்.எப். 1910-இல் வேலைக்குச் சேர்ந்த கிளாட் டோர்னியர் என்ற இளைஞர் உலோக விமானங்களைச் செய்து தனி நிறுவனமாக வளர்ந்தார். வாயு உற்பத்தி, துணி வேலை, கொட்டகை கட்டுதல் என்று கிளைத்தொழில்கள் பெருகின.

வெளியூர்களிலிருந்து தொழிலாளர் வந்து குவிந்தனர். சிறிய துறைமுக ஊரில் அவர்களுக்கு வீடு இல்லை, வாடகை ஏறியது. கம்பெனியின் மேலாளர் கோல்ஸ்மான் இதைக் கவனித்தார். 1913-இல் தொழிலாளர் நலனுக்கெனத் தனி நிறுவனம் ஏற்பட்டது. 1914 முதல் 'செப்பெலின் கிராமம்' என்ற குடியிருப்பு எழுந்தது. ஏறத்தாழ நூறு வீடுகள்; ஒவ்வொரு வீட்டுக்கும் காய்கறி பயிரிடத் தோட்டம்.

1909-இல் பயணிகளை ஏற்றிச்செல்ல 'டேலாக்' என்ற கம்பெனி தொடங்கப்பட்டது. உலகின் முதல் விமானப் போக்குவரத்துக் கம்பெனி இதுவே. கப்பல்கள் சில விபத்துக்குள்ளாயின. ஆயினும் 1914 வரை 1,500-க்கு மேற்பட்ட பயணங்களில் 34,000 பேரைச் சுமந்தும் பயணி ஒருவரும் உயிரிழக்கவில்லை.

போரும் மறைவும்

இவ்வரலாற்றில் மறைக்கக்கூடாத இருண்ட பக்கமும் உண்டு. பிரபு கடைசிவரை படைவீரர்தாம். ஆகாயக் கப்பலைப் போர்க்கருவியாகவே அவர் தொடக்கம் முதல் எண்ணினார். முதல் உலகப் போரில் இங்கிலாந்தின் மீது குண்டு வீச வேண்டும் என்று வற்புறுத்தினார். 1915 ஜனவரியில் கடற்கரை ஊர்கள் மீதும், மே மாத இறுதியில் இலண்டன் மீதும் குண்டுகள் விழுந்தன. போர் முடிவதற்குள் ஆகாயக் கப்பல்களால் பிரிட்டனில் மாண்டவர் 550-க்கும் மேற்பட்டோர்; அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் அடங்குவர். பள்ளிப் பிள்ளைகளின் கைக்காசில் வளர்ந்த தொழில், பிறநாட்டுப் பிள்ளைகளின்மீது நெருப்பாய் விழுந்தது. பிரபுவின் பெருமையைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

போர் நீடிக்கவே, தீப்பற்றவைக்கும் தோட்டாக்களுக்கு முன்னால் ஹைட்ரஜன் கப்பல் நிற்காது என்பது புலனாயிற்று. பிரபுவும் அதைக் கண்டு பெரிய விமானங்கள் செய்வதில் ஈடுபட்டார். கொண்ட கருத்தையே கட்டிக்கொண்டு அழாமல், எழுபத்தைந்து வயதுக்கு மேலும் புதியதைக் கற்றார். 1917 மார்ச் 8-ஆம் நாள் பெர்லினில் தமது 78-ஆம் வயதில் காலமானார். ஸ்டுட்கார்ட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

பிரபுவுக்குப் பின்

தோற்ற ஜெர்மனிமீது வெற்றி பெற்ற நாடுகள் கட்டுப்பாடுகளை விதித்தன. ஆலைகள் வேலையின்றித் தவித்தன. டாக்டர் எக்கனர் தலைமையில் 1924-இல் ஒரு கப்பல் அட்லாண்டிக் கடலைக் கடந்து அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1928-இல் பிரபுவின் பெயர் தாங்கிய 'கிராப் செப்பெலின்' கப்பல் பறந்தது. மறு ஆண்டு உலகை வலம் வந்தது. 1937 மே 6-ஆம் நாள் அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்ட்டில் 'ஹிண்டன்பர்க்' எரிந்து 36 பேர் மாண்டனர். அத்துடன் ஹைட்ரஜன் கப்பலின் காலம் முடிந்தது. எஞ்சிய கப்பல்களை 1940-இல் உடைத்துப் போட்டனர்.

அதற்குள் ஊரின் ஆலைகள் இட்லர் அரசின் போர்த் தேவைக்குத் திரும்பியிருந்தன. பீரங்கி வண்டி எஞ்சின், பற்சக்கரம், விமானம், ராக்கெட் உறுப்புகள் ஆகியவை செய்யப்பட்டன. 1943-இல் டக்காவ் வதைமுகாமின் கிளை ஒன்று இங்கே அமைக்கப்பட்டு, கைதிகள் கட்டாய வேலை வாங்கப்பட்டனர். ஆலைகளைத் தேடி நேசநாட்டு விமானங்கள் வந்தன. 1944 ஏப்ரல் 28-ஆம் நாள் நடந்த தாக்குதலில் பழைய ஊர் பெரும்பாலும் அழிந்தது. எந்தத் தொழில் ஊரை வளர்த்ததோ அத்தொழிலே ஊருக்கு எமனாயிற்று.

போருக்குப் பின் ஆகாயக் கப்பல் கட்ட வழியில்லை. அப்போதுதான் 1908-இல் எழுதிய விதி உயிர் பெற்றது. 1947-இல் அறக்கட்டளையின் சொத்து நகரத்துக்கு மாற்றப்பட்டது. அன்று கையில் வந்தவை இடிந்த ஆலைகள்தாம். தொழிலாளரும் பொறியாளரும் இடிபாடுகளை அகற்றி மீண்டும் பற்சக்கரம் வெட்டத் தொடங்கினர். போர்க்கருவிக்குப் பதிலாக லாரிக்கும் டிராக்டருக்கும் செய்தனர். நாடு செழிக்கச் செழிக்க ஆலையும் பெருகியது. 2024-இல் உலகெங்கும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் இசட்.எப். நிறுவனத்தில் வேலை செய்தனர். மேபாக் எஞ்சின் ஆலையும் பெயர் மாறித் தொடர்கிறது. 1997 முதல் தீப்பற்றாத ஹீலியம் நிரப்பிய புதிய செப்பெலின் கப்பல்களும் ஏரியின்மேல் மிதக்கின்றன.

எல்லாம் நலமே என்று முடிக்க இயலாது. ஒரே தொழிலை நம்பிய ஊருக்கு அத்தொழில் தளர்ந்தால் தவிப்புத்தான். மின்சாரக் கார்களுக்குப் பழைய பற்சக்கரப் பெட்டி வேண்டுவதில்லை. ஜெர்மனியில் 14,000 வரை வேலைகளைக் குறைக்கப்போவதாக 2024-இல் இசட்.எப். அறிவித்தது. நகரம்தானே முதலாளி, ஆட்குறைப்பு வராது என்று நம்பியிருந்த தொழிலாளருக்கு அது பேரிடி. பங்கு பொதுவில் இருந்தாலும் சந்தையின் ஏற்றத்தாழ்வு யாரையும் விடுவதில்லை.

நாம் எண்ண வேண்டியது

செப்பெலின் பிரபு முழுமையான மகான் அல்லர். போர்வெறியில் பங்கு கொண்டவர். அவருடைய கப்பலும் இறுதியில் தோற்றது. ஆயினும் ஒரு செய்தியில் அவர் நமக்கு ஆசிரியர். ஊரார் கொடுத்த பணத்தை ஊராருடையதாகவே அவர் நினைத்தார். அதனால்தான் கப்பல் மறைந்தபின்னும் ஊர் நின்றது.

இதைப் படித்தபோது என்னைப் பற்றி எண்ணாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அரசுக் கல்லூரியில் நான் கட்டும் கட்டணம் என் படிப்புக்கு ஆகும் செலவில் மிகச் சிறு பங்கு. ஆய்வகத்தில் நான் தொடும் கருவிக்கும், நூலகத்தில் நான் எடுக்கும் நூலுக்கும் பணம் கொடுத்தவர்கள், தீப்பெட்டி வாங்கும்போதுகூட வரி கட்டுகிற எத்தனையோ பேர். அவர்களுள் என் தாய் தந்தையைப் போல் கல்லூரியின் உள்ளே வந்தறியாதவர்கள்தாம் மிகுதி. அவர்கள் யாரும் என்னிடம் பத்திரம் எழுதி வாங்கவில்லை.

வேலை கிடைக்குமா, மேற்படிப்புக்கு இடம் கிடைக்குமா என்பது எனக்குத் தெரியாது. பிரபுவுக்கும் தம் கப்பல் நிலைக்குமா என்பது தெரியாது. தெரியாத நிலையிலேயே அவர் அந்த விதியை எழுதினார். நம்மில் ஒவ்வொருவரும் பட்டம் பெறும் நாளில் அத்தகைய விதி ஒன்றை மனத்துக்குள் எழுதிக்கொண்டு வெளியேறினால், நமக்காக வரி கட்டியவர்களுக்கு அதுவே நாம் செய்யும் கைம்மாறு.